படிவம் நிரப்ப ஆள் இருக்கிறது, தீர்ப்பாயத்தில் பக்கத்தில் இருக்கத்தான் ஆள் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெனிபிட் (அரச உதவித்தொகை) விண்ணப்பங்கள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த பக்கத்தைப் படித்தேன். யாருக்கு எது கிடைக்கும், எந்தப் படிவம், எங்கே போன் அடிப்பது எல்லாம் தெளிவாக இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யலாம்" என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டீர்கள். எங்கள் சனம் அடிபடுவது அந்த ஒரு வரிக்குள்தான்.

நான் கிழக்கு லண்டனில் ஓர் ஆலோசனை நிலையத்தில் தொண்டராக இருக்கிறேன். பெனிபிட் கொடுக்கிற அரசுத் துறையான டிடபிள்யூபி மறுத்தவர்களோடு, மேன்முறையீட்டை விசாரிக்கிற தீர்ப்பாயத்துக்குப் போய்ப் பக்கத்தில் இருப்பது என் வேலை. வழக்கறிஞர் இல்லை. அதற்கு வழக்கறிஞராக இருக்கவும் தேவையில்லை. 2008 இல் வந்த தீர்ப்பாய நடைமுறை விதிகளில் 11 ஆவது விதியே சொல்கிறது, சட்டம் படித்தவரோ படிக்காதவரோ, ஒருவர் தனக்குப் பிரதிநிதியாக யாரையும் நியமிக்கலாம் என்று. இந்த விஷயம் எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "அதுக்கு லோயருக்குக் காசு கட்ட எங்களால் ஏலாது" என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்த நாட்டில் தமிழர் இருக்கிற ஊரெல்லாம், ஹரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங், சவுத்தோல் எங்கே போனாலும், கோயிலிலோ முதியோர் சங்கத்திலோ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலோ படிவம் நிரப்பித் தருகிற ஓர் அண்ணாவோ அக்காவோ இருப்பார். சம்பளம் வாங்காமல், சில வேளை சொந்தச் சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டு உதவுகிறவர்கள், அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் படிவம் நிரப்புவது ஒரு வேலை, தீர்ப்பாயத்தில் ஒருவருக்காக நிற்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவதற்கு முறையான பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியை எங்கள் அமைப்புகள் காசு போட்டு நடத்த வேண்டும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வழி எப்படிப் போகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிப் (நோயாலோ இயலாமையாலோ அன்றாட வேலைகளுக்குக் கஷ்டப்படுகிறவர்களுக்கான பெனிபிட்) மறுத்துக் கடிதம் வந்தால் நேரே தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. ஒரு மாதத்துக்குள் டிடபிள்யூபியிடமே மறுபரிசீலனை கேட்க வேண்டும், 2013 இல் கொண்டுவந்த கட்டாயம் இது. அவர்களும் பெரும்பாலும் பழைய முடிவையே திருப்பி அனுப்புவார்கள். அந்த இரண்டாவது கடிதம் வந்ததும் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கையைக் கட்டிவிடுவார்கள், கவர்மெண்ட் இரண்டு தரம் இல்லை என்று சொன்ன பிறகு இனி என்ன என்று. அந்தக் கடிதத்திலிருந்து இன்னொரு மாதத்துக்குள் போட வேண்டியதுதான் உண்மையான மேன்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது, தோற்றாலும் எதிர்த்தரப்பின் செலவை நீங்கள் கட்டத் தேவையில்லை. அங்கே இருந்து தீர்ப்புச் சொல்கிறவர்கள் டிடபிள்யூபியின் ஆட்கள் இல்லை. அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரத்தின்படியே, விசாரணைக்கு வந்த பிப் வழக்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு விண்ணப்பதாரருக்குச் சார்பாக முடிகிறது. இடையில் கைவிட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

முன்பு இதற்குச் சட்ட உதவி, அதாவது அரச செலவில் சட்ட ஆலோசனை, இருந்தது. 2012 ஆம் ஆண்டுச் சட்டம் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, மேல் தீர்ப்பாயத்துக்குப் போகும் சட்டப் பிரச்சினைகளைத் தவிர, பெனிபிட் விஷயங்களைச் சட்ட உதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆலோசனை நிலையங்கள் சுருங்கின, ஆட்கள் போனார்கள். இன்றைக்கு எங்கேயாவது ஒரு நல்ல வெல்பெயார் ரைட்ஸ் (பெனிபிட் உரிமை) ஆலோசகர் இருந்தால் அவரைப் பிடிப்பதற்குள் கெடு முடிந்துவிடும். அந்த இடைவெளிக்குள்தான், வென்றால் கிடைக்கிற நிலுவைப் பணத்தில் பங்கு கேட்கிற ஆட்கள் நுழைகிறார்கள். யார் என்று நான் எழுதப்போவதில்லை, உங்கள் வாசகர்களுக்குத் தெரியும்.

சரி, பயிற்சி இருந்தால் என்ன மாறும்? ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அறுபதை நெருங்குகிற ஓர் அம்மா. இரண்டு முழங்காலும் போய்விட்டது, கைவிரல் மூட்டுகளில் வாதம். மதிப்பீட்டுக்குப் போன் எடுத்தவர் "சமைப்பீர்களா" என்று கேட்க, இவர் "ஓம், வீட்டில் நான்தானே சமையல்" என்றிருக்கிறார். பிப்பில் ஒவ்வொரு அன்றாட வேலையிலும் உள்ள கஷ்டத்துக்குப் புள்ளி போடுவார்கள். அறிக்கையில் சமையலுக்குப் புள்ளி 0. குளிக்கவும் கழிவறைக்கும் கைப்பிடி தேவை என்று இரண்டிரண்டு புள்ளி, மொத்தம் 4. அன்றாட வாழ்க்கைப் பகுதியில் 8 புள்ளி இருந்தால்தான் காசு. மறுத்துவிட்டார்கள்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நாற்பது வருடம் ஒரு குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டவர், "நான் சமைப்பதில்லை" என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு எப்படிச் சொல்வார்? ஆனால் ஆறுதலாக இருந்து கதைத்தபோது விஷயம் வேறாக வந்தது. மகள் காலையில் வேலைக்குப் போக முன் வெங்காயம், மரக்கறி எல்லாம் வெட்டி டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போகிறாள். இவர் அடுப்புக்கு முன்னால் உயரமான ஸ்டூலில் இருந்து கிண்டுகிறார். சோற்றுப் பானையை வடிப்பது மருமகன், அவர் வரும்வரை பானை அப்படியே இருக்கும். ஒருமுறை தானே தூக்கப் போய்க் காலில் ஊற்றிக்கொண்ட தழும்பு இருக்கிறது.

2013 ஆம் ஆண்டு பிப் விதிகளில் சமையல் என்றால் என்ன என்று வரையறுத்திருக்கிறார்கள்: பதப்படுத்தாத புதிய பொருட்களைக் கொண்டு, ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு சமைத்த சாப்பாடு, இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ உள்ள அடுப்பில். பத்துப் பேருக்கு விருந்து வைக்க முடியாது என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை. தனக்கு மட்டும் ஒரு கறி வைக்க வெட்டவோ வடிக்கவோ இன்னொருவர் கை வேண்டுமென்றால், அதற்கு 4 புள்ளி. நான்கும் நான்கும் எட்டு. 2025-26 வீதத்தில் வாரத்துக்கு 73 பவுண் 90 பென்ஸ், அதுவும் விண்ணப்பித்த காலத்திலிருந்து நிலுவையோடு.

விசாரணையில் வாதம் என்று ஒன்றும் நடக்கவில்லை. மருத்துவ உறுப்பினர் "நேற்று என்ன சமைத்தீர்கள், யார் வெட்டினார்கள், யார் வடித்தார்கள்" என்று ஒன்றொன்றாகக் கேட்டார், அம்மா உள்ளதைச் சொன்னார். பிரதிநிதியின் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இரண்டு மணி நேரம் அவருடைய ஒரு நாளைக் கேட்டு எழுதி, எந்த நடவடிக்கை, எந்தப் பிரிவு, எந்தப் பக்கத்தில் ஆதாரம் என்று இரண்டு பக்கத்தில் முன்கூட்டியே அனுப்பியிருந்ததால்தான் அந்தக் கேள்விகளே வந்தன. இதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் ஆட்களில் சிலருக்குப் பிரதிநிதி என்றால் சினிமாக் கோர்ட்டில் போல எழும்பி நின்று முழங்க வேண்டும் என்ற எண்ணம். அப்படி ஒருவர் முழங்கியதையும் பார்த்தேன், நீதிபதி மிகவும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இனி அவரே சொல்லட்டும்" என்றார்.

பயிற்சியில் முதலில் வர வேண்டியது காகிதக் கட்டை வாசிப்பது. டிடபிள்யூபி அனுப்பும் பண்டில், அதாவது வழக்குக் காகிதக் கட்டு, நூறு பக்கத்தைத் தாண்டும். அதில் விண்ணப்பதாரர் எழுதிய படிவம், மதிப்பீட்டாளரின் அறிக்கை, முடிவுக் கடிதம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் எங்கே இடறியது என்று தெரிந்துவிடும். "நன்றாக உடுத்தியிருந்தார், சோர்வாகத் தெரியவில்லை" என்று அறிக்கையில் எழுதியிருப்பார்கள். எங்கள் அம்மாமார் வைத்தியரிடம் போனாலே நல்ல சேலை உடுத்துவார்கள், அந்தச் சேலையை யார் கட்டிவிட்டது என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது, பிப் விதிகளில் 4(2A) என்கிற பிரிவு. இதை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு வேலையைச் செய்ய முடியும் என்றால், ஆபத்தில்லாமல், ஏற்கத்தக்க தரத்தில், தேவைப்படுகிற அளவு திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். நியாயமான நேரம் என்பதற்கும் அளவு இருக்கிறது, நோயில்லாத ஒருவர் வழமையில் எடுக்கும் அதிகபட்ச நேரத்தின் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. "நடப்பீர்களா" என்ற கேள்விக்கு "நடப்பேன்" என்பது பதிலே இல்லை. எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள், நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் திரும்ப வெளிக்கிடுவீர்கள், அதையே பின்னேரமும் செய்வீர்களா? பிரச்சினை மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் இருக்கிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும்.

எதை எழுதக்கூடாது என்பதும் பயிற்சிதான். பல படிவங்களில் "ஆங்கிலம் தெரியாது, கடிதம் வாசிக்க முடியாது, ஆட்களோடு கதைக்க முடியாது" என்று வாசிப்பிலும் பேச்சிலும் புள்ளி கேட்டு எழுதியிருப்பார்கள். விதியிலேயே தாய்மொழி என்று தெளிவாக இருக்கிறது. தமிழில் வாசிக்கவும் விளங்கிக்கொள்ளவும் முடிந்தால் அந்தப் பகுதியில் 0. அதைக் கேட்பதால் மற்ற உண்மையான கஷ்டங்களின் மீதும் சந்தேகம் விழும். அதேபோல, 1998 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 12 ஆம் பிரிவுப்படி, டிடபிள்யூபி முடிவெடுத்த நாளில் இருந்த நிலைமையைத்தான் தீர்ப்பாயம் பார்க்கலாம். அதற்குப் பிறகு விழுந்து இடுப்பு முறிந்தாலும் இந்த வழக்கில் அது கணக்கில் வராது, அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு எழுதிய கடிதத்தைக் கொடுக்கலாம், ஆனால் அது அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் புதிய ஸ்கான் முடிவுகளைக் கட்டுக் கட்டாக அனுப்புகிறார்கள்.

குடும்ப வைத்தியரான ஜீபியின் கடிதமும் அப்படித்தான். "இவர் என் நோயாளி, இன்னின்ன மருந்து எடுக்கிறார்" என்று நான்கு வரியில் வரும், அதற்குச் சில இடங்களில் காசும் கட்ட வேண்டும். மருந்துப் பட்டியல் தீர்ப்பாயத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. குளிக்கும் தொட்டிக்குள் ஏறி இறங்க முடியுமா, விழுந்திருக்கிறாரா, நீங்கள் கண்டது என்ன என்று மூன்று கேள்வியை நாங்களே எழுதிக் கொடுத்தால் வருகிற கடிதம் வேறு மாதிரி இருக்கும்.

ஆபத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒரு பகுதி கிடைத்துக்கொண்டிருப்பவர் கூடக் கேட்டு மேன்முறையீடு செய்தால், தீர்ப்பாயம் இருப்பதையும் குறைக்கலாம், முழுவதையும் எடுக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. "போட்டுப் பாருங்கோ, நட்டமில்லை" என்று சொல்கிற எங்கள் ஆலோசகர்களுக்கு இது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். நட்டம் இருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே சொல்லி, அவர் யோசித்து முடிவெடுக்க விட வேண்டும்.

விசாரணை அறை பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. பிப் என்றால் வழமையில் ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், மாற்றுத்திறன் விஷயத்தில் அனுபவமுள்ள ஒருவர். மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள். டிடபிள்யூபி சார்பில் பெரும்பாலும் ஒருவரும் வரமாட்டார்கள். போனிலும் வீடியோவிலும்கூட நடக்கிறது. மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே இலவசமாக ஒழுங்கு செய்யும், படிவத்தில் கேட்டுவிட வேண்டும், பிள்ளைகளை வைத்துச் சமாளிக்க விடமாட்டார்கள். தமிழ் தெரிந்த பிரதிநிதியால் மட்டும் ஆகிற ஒரு காரியம் இங்கே இருக்கிறது. மூன்று நிமிடம் அழுதழுது சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஒரு வரியில் முடித்தால், மரியாதையாகக் கை உயர்த்தி "இன்னும் சில விஷயம் சொன்னார்" என்று சொல்ல ஆங்கிலேய ஆலோசகருக்கு வழியில்லை.

இனி, கொஞ்சம் கஷ்டமான விஷயம். எங்கள் வழக்குகளில் நிறைய மனநோய் இருக்கிறது. போரில் அடிபட்டவர்கள், தடுப்பில் இருந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். ஆட்களோடு பழகுவதும் தனியே வெளியே போவதும் பிப்பில் புள்ளி உள்ள நடவடிக்கைகள்தான், ஆனால் அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிட்டு முதுகுவலியை மட்டும் எழுதிக்கொண்டு வருவார்கள். கோயிலில் படிவம் நிரப்புகிற அண்ணா அவருடைய மச்சானுக்குக் கூட்டாளி, அவரிடம் எப்படிச் சொல்வது? அதனால் பயிற்சியில் விதிகளுக்குச் சமமாக இரண்டு விஷயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, கேட்டதை வீட்டில் மனைவிக்குக்கூடச் சொல்லாமல் இருப்பது. இரண்டாவது, ஒருவரிடம் என்ன நடந்தது என்று கிண்டாமல், அதனால் இன்றைக்கு என்ன செய்ய முடியாமல் இருக்கிறது என்று மட்டும் கேட்கத் தெரிவது. தீர்ப்பாயத்துக்குத் தேவையானது இரண்டாவதுதான். சித்திரவதைக் கதையை முதலிலிருந்து சொல்ல வைத்து, ஆளைக் குழப்பி, வீட்டுக்கு அனுப்பிவிடுகிற ஆலோசனையைவிட ஆலோசனை இல்லாமலிருப்பது நல்லது. ஒரே ஊர் ஆட்களிடம் போக விரும்பாதவருக்கு வேறு இடத்துப் பிரதிநிதியைக் கொடுக்கவும் வழி இருக்க வேண்டும், அதனால்தான் ஒரு சங்கம் தனியாகச் செய்யாமல் சில சங்கங்கள் சேர்ந்து செய்ய வேண்டும் என்கிறேன்.

யார் பயிற்சி கொடுப்பது? நாங்கள் ஒன்றையும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. சைல்ட் பாவர்ட்டி ஆக்ஷன் குரூப் என்கிற தொண்டு நிறுவனம் ஆலோசகர்களுக்கு வகுப்பு நடத்துகிறது. லண்டனில் ப்ரீ ரெப்ரசென்டேஷன் யூனிட் 1972 இலிருந்து சட்ட மாணவர்களையும் இளம் வழக்கறிஞர்களையும் பயிற்றி, மேற்பார்வையோடு இதே தீர்ப்பாயங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் சட்டம் படிக்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்களில் தமிழ் கதைக்கத் தெரிந்தவர்களையும், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கணக்காளர்கள், கவுன்சிலில் வேலை பார்த்தவர்களையும் சேர்த்துப் பிடித்தால் நல்ல கலவை. இளம் ஆட்களுக்கு விதி சட்டென்று பிடிபடும், வயதானவர்களுக்குப் பொறுமை இருக்கும், அந்த அம்மாவும் அவர்களிடம்தான் வாய் திறப்பார்.

வகுப்பு இரண்டு மூன்று நாள் போதும். அதன் பிறகுதான் உண்மையான பயிற்சி. தீர்ப்பாய விசாரணைகள் வழமையில் பகிரங்கமானவை, அனுமதி கேட்டுப் பின்னால் இருந்து சிலவற்றைப் பார்க்கட்டும். அப்புறம் பழைய பண்டில் ஒன்றைப் பெயர் அழித்துக் கொடுத்து, அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவரை நீதிபதியாக வைத்து ஒரு பாவனை விசாரணை. அதற்குப் பிறகு முதல் வழக்கு, அதுவும் எழுதுகிற ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு மேற்பார்வையாளர் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். இலவச ஆலோசனை தருகிற ஏதாவது ஒரு லோ சென்டரோடோ சிட்டிசன்ஸ் அட்வைஸ் கிளையோடோ இணைந்து செய்தால் மேற்பார்வையும் காப்புறுதியும் அங்கேயே கிடைக்க வழியுண்டு. இந்த விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். குடிவரவு ஆலோசனை சொல்லப் பதிவு கட்டாயம், பதிவில்லாமல் சொன்னால் குற்றம். பெனிபிட் ஆலோசனைக்கு அப்படிச் சட்டம் இல்லை, யாரும் பலகை போட்டு உட்காரலாம். விசாவில் அரச உதவி எடுக்கக்கூடாது என்ற நிபந்தனை இருப்பவர் பெனிபிட் கேட்டு வந்தால், அந்த இடத்தில் நிறுத்திப் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் அனுப்பத் தெரிந்தவர்தான் பயிற்சி பெற்றவர்.

காசு எங்கே என்று கேட்பார்கள். திருவிழாவில் பத்து நாளைக்கும் உபயகாரர் இருக்கிறார்கள், அடுத்த வருடத்துக்கும் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஓர் உபயத்தின் பாதியைப் பயிற்சிக்குக் கொடுத்தால் அம்பாள் கோபிக்க மாட்டாள். பழைய மாணவர் சங்கங்கள் ஊர்ப் பாடசாலைக்குக் கட்டடம் கட்டிக் கொடுக்கின்றன, மிக நல்ல காரியம், அதே சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் இங்கே அட்டென்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கான பெனிபிட்) மறுக்கப்பட்டு வீட்டில் இருக்கிறார்கள் என்பதையும் செயற்குழு ஒருமுறை பேச வேண்டும்.

விதிகள் மாறப்போகின்றனவே, இப்போது பயிற்றி என்ன பயன் என்று ஒரு நண்பர் கேட்டார். பிப்பை இறுக்குகிற பிரிவை 2025 ஜூலையில் அரசு கடைசி நேரத்தில் மசோதாவிலிருந்து எடுத்துவிட்டு, அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில் மறுஆய்வு என்று அறிவித்தது உண்மைதான். மாறட்டும். விதி மாறுகிற வருடத்தில்தான் பிழையான முடிவுகள் அதிகம் வரும்.

கடைசியாக ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெனிபிட் பக்கத்தில் அந்த இரண்டு கெடுவையும் பெட்டி கட்டிப் பெரிய எழுத்தில் போடுங்கள்: முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து மறுபரிசீலனைக்கு ஒரு மாதம், மறுபரிசீலனைக் கடிதத்தின் தேதியிலிருந்து மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம். கெடு தவறியவர்களும் ஆஸ்பத்திரியில் இருந்தேன், கடிதம் வரவில்லை என்பது போல நல்ல காரணம் இருந்தால் பிந்திப் போடலாம், ஆகக் கூடியது 13 மாதம் வரை, காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். மேன்முறையீட்டுப் படிவத்தில் பிரதிநிதியின் பெயர் எழுத ஓர் இடம் இருக்கிறது, இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்றால் அதை வெறுமையாக விட்டுப் படிவத்தை அனுப்பிவிடுங்கள், பிறகு ஆள் கிடைத்ததும் தீர்ப்பாயத்துக்கு எழுதி அறிவித்தால் போதும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கிழக்கு லண்டன் வாசகர் ஒருவர்